பாறையில் அவர், தண்ணீரில் நான்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் நின்று பாத்திரம் கழுவினால் கப்பல் தலைக்கு மேலே போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஹோர்க்கம் என்கிற சின்ன ஊரில், வால் என்ற ஆற்றின் கரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். ஆறு உயரத்தில் ஓடுகிறது, ஊர் பள்ளத்தில் கிடக்கிறது, நடுவில் புல் முளைத்த பெரிய கரை. அந்தக் கரைக்கு மேலே முதலில் ஒரு கொடிக்கம்பம் நகரும். பிறகு ஓட்டுகிறவரின் கண்ணாடி அறை, அதன் பின்னால் அவர்கள் குடும்பத்தோடு வாழும் வீடு, வீட்டின் கூரையில் நிறுத்தியிருக்கும் கார். மணல் ஏற்றிய படகு என்றால் அவ்வளவுதான் தெரியும். காலிப் படகு என்றால் வயிறு வரைக்கும் தெரியும். வந்த புதிதில் சோப்பு நுரை வழியும் கையோடு அப்படியே நின்றுவிடுவேன். இப்போது பழகிவிட்டது. ஆனால் ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அவர்கள் நம்ப மறுப்பதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம்.

என் கணவர் ஜாஃபரிடம் முதன்முதலில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"இன்னாது, கப்பல் மேல போவுதா? அப்ப நீ கீழ கீறியா?"

"ஆமாங்க."

"கரை ஒடஞ்சா?"

"ஒடையாது. அளந்துக்கிட்டேதான் இருக்காங்க."

"யாரு அளக்கறது?"

"நாங்கதான்."

"நீ அளந்தா சரி" என்றார். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம் போனில் கேட்டது.

என் வேலை ஆற்றின் அடியை அளப்பது. ஒரு சின்னப் படகில் போகிறோம். படகின் வயிற்றில் இருக்கும் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். எங்கே மணல் மேடு தட்டியிருக்கிறதோ அங்கே தூர்வாரும் கப்பல் வந்து அள்ளும். அள்ளிய பிறகு நாங்கள் மறுபடி போய் அளப்போம். ஆனால் ஆழம் மட்டும் தெரிந்து பயனில்லை, அந்த ஆழம் எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். ஆற்றின் நடுவில் மைல்கல் நட முடியாது. அதற்குத்தான் வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் இன்று கையில் வைத்திருக்கும் போனே வழி சொல்லிவிடும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளில் அப்படியில்லை. செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தம். தங்கள் படைக்குச் சரியாகவும் மற்றவர்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகவும் காட்டும்படி வைத்திருந்தார்கள். கால்வாயில் மிதக்கும் படகை அது பக்கத்துத் தென்னந்தோப்பில் கொண்டுபோய் நிறுத்தும். அதைத் திருத்த ஒரே வழிதான் இருந்தது. ஏற்கெனவே இடம் தெரிந்த ஒரு புள்ளியில், கரையில், இன்னொரு கருவியை முக்காலியில் நிறுத்துவது. தான் நிற்கும் இடம் அதற்குத் தெரியும் என்பதால், வானம் எவ்வளவு பொய் சொல்கிறது என்பதும் தெரியும். அந்தப் பிசகை அது ரேடியோவில் படகுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். படகு அதைக் கழித்துக்கொள்ளும். கரையில் இருக்கும் கருவி ஆடக் கூடாது, அசையக் கூடாது, அணையக் கூடாது.

அது அணையாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஜாஃபர் வந்தார்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் பக்கிங்காம் கால்வாயைத் தூர்வார முடியுமா என்று பார்க்கும் வேலை அது. சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி ஒப்பந்தம் எடுத்திருந்தது. பாலிடெக்னிக்கில் சர்வே படித்துவிட்டு அங்கே சேர்ந்திருந்தேன். செங்கல்பட்டில் செருப்புக்கடை வைத்திருந்த என் அத்தாவுக்குப் பெண் பிள்ளை படகில் போவதில் பயம். "நீச்சல் தெரியாதே உனக்கு" என்பார். "கால்வாயில முட்டி ஆழம்தான் அத்தா, அதனாலதான் தூர்வாரவே போறாங்க" என்பேன். மாமல்லபுரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு பாறைக்குன்று. அதன் உச்சியில் என்றோ நில அளவைக்காரர்கள் செதுக்கிவைத்த புள்ளி இருந்தது. முக்காலி அங்கேதான் நிற்க வேண்டும். மின்சாரம் கிடையாது, கார் பேட்டரியில்தான் ஓட வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் லாரி, டிராக்டர் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றித்தரும் கடை ஒன்று இருப்பதாகப் படகுக்காரர் ஏழுமலை சொன்னார். மறுநாள் காலை ஒரு மொபெட்டில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு பேட்டரிகளைக் கட்டிக்கொண்டு, உயரமாக, ஒல்லியாக ஒருவர் வந்து நின்றார். சட்டையெல்லாம் அமிலம் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள்.

"வாடகைக்குக் குடுத்துட்டுப் போயிடுவீங்களா பாய், இல்ல கூட இருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"பேட்டரிய தனியா வுட்டுட்டுப் போனா எவனாவது தூக்கினு போயிடுவான் மேடம். நான் இருக்கேன்" என்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கறுப்புக் குடை ஒன்றை விரித்து, பாறை மேல் உட்கார்ந்துகொண்டார்.

நான் தண்ணீரில், அவர் பாறையில். எங்கள் பேச்செல்லாம் வாக்கி-டாக்கியில். "மேடம், லைட்டு பச்சையா கீது. ஓவர்." அந்த 'ஓவர்' அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கீழே டீக்கடையில் கணக்குச் சொல்லும்போதும் சொல்வாராம். சிற்பம் பார்க்க வந்தவர்கள் குன்றில் ஏறி, முக்காலியைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த இது?" என்று கேட்பார்கள். "மேல சுத்துற சாட்டிலைட்டோட பேசுது" என்று உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. "மழை வருமான்னு பாக்குது" என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் நம்பினார்கள். சிலர் எப்போது வரும் என்றும் கேட்டார்களாம். ரேடியோவில் அதை அவர் சொன்னபோது நானும் ஏழுமலையும் படகே ஆடும்படி சிரித்தோம்.

ஒருநாள் பிற்பகல் குரல் மாறி வந்தது.

"மேடம், பொட்டி நகந்திருக்கு."

ஓவர் இல்லை. படகை நிறுத்தச் சொன்னேன்.

"நான் லுஹர் தொழுவப் போனேன். வந்து பாத்தா முக்காலி நாலடி தள்ளி நிக்குது. காலேஜ் பஸ்ஸு ஒன்னு வந்துச்சு, போட்டோ எடுக்க மறைக்குதுன்னு தூக்கி வெச்சிருப்பானுங்க. லைட்டு பச்சையாத்தான் கீது. எப்ப நகந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

கரையில் முக்காலி நாலடி நகர்ந்தால், எங்கோ கால்வாயில் இருக்கும் படகும் கணக்கில் நாலடி நகர்ந்துவிடும். நாங்கள் அளந்த கோடுகளில் எது சரி, எது தப்பு என்று பிரிக்க வழியில்லை. மத்தியானத்து வேலை முழுவதும் போயிற்று. மறுநாள் அதே வெயிலில் மறுபடி. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அன்று மாலை குன்றில் ஏறிப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. பாறையில் செதுக்கிய புள்ளி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. முக்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது. தப்பான கோட்டை வைத்து வரைபடம் போட்டிருப்பேன்.

"திருப்பி வெச்சிட்டு சும்மா இருந்திருக்கலாமே பாய்?" என்று கேட்டேன்.

"வெச்சிடலாம்னுதான் கைய வெச்சேன்" என்றார். "அப்புறம், நீங்க அந்தாண்ட தண்ணியில இத நம்பித்தான மேடம் போய்கினு வந்துகினு இருக்கீங்க, அப்டினு தோணிச்சு."

இறங்கும்போது ஒரு பேட்டரியை நான் தூக்கிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. அதன் கனம் இன்றும் இடது தோளில் ஞாபகம் இருக்கிறது.

வேலை முடியப்போகிற வாரம். சதுரங்கப்பட்டினம் பக்கம், கால்வாய் அகன்று உப்பங்கழியாக விரிகிற இடத்தில் இருந்தோம். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மேடம், ஒன்னு கேக்கணும். ஓவர்."

"கேளுங்க பாய்."

"ரேடியோவுல வேணாம். ஏழுமல அண்ணன் கேட்டுகினு இருப்பாரு. ஓவர்."

ஏழுமலை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "நான் காத மூடிக்கறேன், கேக்கச் சொல்லும்மா" என்றார். மூடவில்லை. ஜாஃபரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய அக்காவும் மச்சானும் செங்கல்பட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேட்டரிக் கடைக்காரருக்கா என்று என் அம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவரே மாப்பிள்ளைக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

கால்வாயில் கொஞ்ச தூரம் தூர்வாரினார்கள். இரண்டு மழைக்காலத்தில் மணல் திரும்ப வந்து பழையபடி படுத்துக்கொண்டது. வேலை நின்றது, கம்பெனியும் மூடிவிட்டது. மகள் சமீரா பிறந்தாள். நான் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனைப் பிரிவுகள் அளந்துகொடுக்கப் போனேன். ஜிஎஸ்டி ரோட்டின் இரண்டு பக்கமும் ஏரிப் பாசன வயல்கள் மஞ்சள் கல் நட்ட மனைகளாகிக்கொண்டிருந்த காலம். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் கிளம்பும்போதே அலுப்பாக இருக்கும். நெதர்லாந்தில் தூர்வாரும் வேலைக்கு அளவையாளர்கள் தேவை என்ற விளம்பரத்தை நான் வெட்டிவைத்துவிட்டு மறந்துபோனேன். அதை எடுத்துவந்து முன்னால் வைத்தவர் ஜாஃபர்தான்.

"எழுதிப் போடு."

"சமீராவுக்கு நாலு வயசுங்க."

"நான் பாத்துக்கறேன். ஒரு வருசத்துல நாங்களும் வந்துடறோம். நெலத்த அளந்துட்டு வரசொல்ல உன் மூஞ்சி நல்லா இல்ல பர்வீன். தண்ணியில இருந்து வரசொல்ல எப்டி இருப்ப தெரியுமா?"

தெரியாது. அவர் பார்த்திருக்கிறார்.

இங்கே என்னோடு படகில் இருப்பவர் ஹென்க். படகோட்டி, பெரிய மீசை, அதிகம் பேசாதவர். முதல் நாள் வேலை முடிந்து இறங்கும்போது, ஊர் வழக்கத்தில், "போய்விட்டு வருகிறேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அவர் முகம் சரியில்லை. கேட்டால், நான் திரும்பி வருவேன் என்று இன்ஜினை அணைக்காமல் இருட்டும் வரை படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாராம். போகிறேன் என்று மட்டும் சொன்னால் எங்கள் ஊரில் அபசகுனம் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "அப்படியானால் உன் நாட்டில் உண்மையிலேயே திரும்பி வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து இறங்கும்போது கையை மட்டும் ஆட்டுகிறேன்.

சொன்னபடியே ஒரு வருடத்தில் ஜாஃபரும் சமீராவும் வந்தார்கள். மகள் ஆறே மாதத்தில் டச்சு பேசினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சைக்கிளில் கரை மேல் ஏறி, கப்பல்களுக்குக் கையாட்டினாள். ஜாஃபர் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் கிடங்கில் வேலைக்குப் போனார். மொழி வகுப்புக்கும் போனார். குளிர் அவரை ஒன்றும் செய்யவில்லை, சாப்பாடும் பிரச்சினையில்லை. வந்த ஊரில் ஒட்டாமல் போவதற்குப் புலம்பெயர்ந்தவர்கள் கட்டுரைகளில் எழுதுகிற காரணங்கள் எதுவும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் காலையில் அவர் கதவைத் தூக்கும்போதே நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். நெல் அறுக்கும் வண்டி கிளம்பவில்லை, கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் எழவில்லை, பாய் கொஞ்சம் வந்து பாருங்கள் என்று. இங்கே அவரைத் தேடி யாரும் வரவில்லை. ஒரு பேட்டரி உட்கார்ந்துவிட்டால் இந்த ஊரில் அதைப் பார்க்க ஆள் கூப்பிடுவதில்லை, தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

தூக்கிப் போடுகிற இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். நகராட்சியின் கழிவு சேகரிக்கும் முற்றம். ஒரு சனிக்கிழமை கைவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போய், அங்கே குவிந்திருந்ததில் உயிருள்ளவற்றைத் தட்டிப் பார்த்து, இரண்டை எடுத்து வைத்திருக்கிறார். காவலாளி வந்து, உள்ளே கொண்டுவரலாம், வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஜாஃபருக்குப் பாதிதான் புரிந்தது. இலவசமாக எடுப்பதால் கோபப்படுகிறார் என்று நினைத்து, பர்ஸை எடுத்து, "பே, பே, நான் பே பண்றேன்" என்றிருக்கிறார். லஞ்சம் கொடுக்கிறார் என்று காவலாளி நினைத்துவிட்டார். சத்தம் போட்டு, இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். வேலையிலிருந்த எனக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசிச் சரிசெய்தேன். அவர்களும் கடைசியில் சிரித்துக் கைகுலுக்கினார்கள். நல்ல மனிதர்கள்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "அது ரெண்டும் நல்ல பேட்டரி பர்வீன். டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தினா போதும்" என்றார்.

அடுத்த கோடையில், தம்பி கடையைச் சரியாகக் கவனிக்கவில்லை, இரண்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். இரண்டு மாதம் நான்காயிற்று, பிறகு ஆறு. நானும் எப்போது வருவீர்கள் என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன். சண்டை ஏதும் நடக்கவில்லை. ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ, "பாய், வண்டி எடுக்க மாட்டேங்குது பாய்" என்று கத்துவது கேட்டது. "இதோ வரேன்" என்று அவர் பதில் சொன்ன குரலை ஹோர்க்கத்தில் அவர் இருந்த ஒன்றரை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என்ன நடந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று ராத்திரி சமையலுக்கு எடுத்துவைத்த வெங்காயத்தை அப்படியே திரும்பக் கூடையில் போட்டேன். நானும் சமீராவும் ரொட்டி தின்றோம்.

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. கால்வாயை நீர்வழியாக்கும் பேச்சு மறுபடி எழுந்தது. எங்கள் கம்பெனிக்கு ஆலோசனை வேலை கிடைத்தது. அந்தத் தண்ணீரை ஏற்கெனவே அளந்தவள் என்று என்னை மூன்று மாதத்துக்கு அனுப்பினார்கள். தூர்வாரும் வேலைக்கு அனுமதி கிடைத்துவிட்டால் ஐந்தாறு வருடம் அங்கேயே இருக்கவேண்டிவரும் என்று மேலதிகாரி தயங்கிச் சொன்னார், ஏதோ தண்டனையைச் சொல்வதுபோல. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நானும் சமீராவும் திருக்கழுக்குன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜாஃபர் மாடி அறைக்கு இளநீல வண்ணம் அடித்துவைத்திருந்தார். சமீராவுக்கு ஒரு படிப்பு மேசை, அதன் மேல் ஒரு விளக்கு. "கரண்ட்டு போனாலும் எரியும், பேட்டரி குடுத்திருக்கேன்" என்றார் மகளிடம். அவள் அதை அணைத்து அணைத்துப் போட்டாள்.

அதே பாறை. அதே புள்ளி. செயற்கைக்கோள்கள் அந்தப் பொய்யை எப்போதோ நிறுத்தியிருந்தன. ஆனால் எங்களுக்கு இப்போது விரல் அகலத்துக்குள் துல்லியம் வேண்டும், ஆகவே கரையில் முக்காலி இன்னும் தேவைப்பட்டது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. புதிய கருவிக்குள்ளேயே உள்ளங்கையளவு ஒரு பேட்டரி, நாள் முழுவதும் தாங்கும். நான் அதைச் சொல்லியும், முதல் நாள் காலையில் ஜாஃபர் பெரிய பேட்டரியை மரப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு குன்றேறி வந்தார்.

"இதுக்கு வேல இல்லைங்க."

"இருந்துட்டுப் போவுது" என்று பெட்டியை முக்காலிக்குப் பக்கத்தில் வைத்து, துண்டை விரித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். சமீராவும் கூடவே இருந்தாள். அந்த மூன்று மாதமும் எனக்குப் பாறையிலிருந்து இரண்டு குரல்கள் வந்தன. "அம்மா, அத்தா தூங்குறாங்க. ஓவர்." பின்னாலேயே, "தூங்கல, கண்ண மூடிகினு கீறேன். ஓவர்." ஏழுமலைக்கு முடி நரைத்திருந்தது. கால்வாயோரம் புதுப் புது சுற்றுச்சுவர்களும் விடுதிகளும் முளைத்திருந்தன. சாயங்காலங்களில் கடற்கரைச் சாலையில் மூன்று பேரும் ஒரே மொபெட்டில் திரும்பினோம். வரும் வழியில் இறங்கி வறுத்த வேர்க்கடலை வாங்கினோம். என் வாழ்க்கையில் நான் எதற்காகவாவது ஏங்கினேன் என்றால், ஏங்கியது அதற்குத்தான். கிடைத்துக்கொண்டிருக்கும்போதே ஏங்கினேன்.

அளவை முடிந்தது. தூர்வார முடியும் என்றுதான் முடிவு வந்தது. ஆனால் மணல் வருடாவருடம் திரும்ப வரும், வருடாவருடம் அள்ள வேண்டும், அதற்கு நிதியில்லை என்று மேலே தீர்மானித்துவிட்டார்கள். வேலை இப்போதைக்கு இல்லை என்று எனக்குப் போன் வந்தபோது நான் ஜாஃபரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு டிராக்டர் பேட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நான் இங்கேயே இருந்துடறேன்" என்றேன்.

"இருந்து?"

"கடையைப் பாத்துக்கறேன். கல்லாவுல ஒக்காருவேன்."

"ஒக்காருவ" என்றார், கை நிற்காமல். "ஒரு வருசம் நல்லா ஒக்காருவ. அப்புறம் அந்தக் கூடுவாஞ்சேரி மூஞ்சி வந்துடும். அத என்னால பாத்துகினு இருக்க முடியாது."

"அப்ப நீங்க வாங்க."

அவர் கடைசி மூடியைத் திருகி முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த பிளாஸ்டிக் நாற்காலியில ஒக்காந்தப்ப என் மூஞ்சிய நீ பாத்த இல்ல?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். வெளியே யாரோ வண்டியை நிறுத்தி, "பாய்" என்றார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவர்தான் எழுந்தார்.

வேலை நின்றுபோனதைச் சமீராவிடம் அன்று மாலை சொன்னோம். அவள் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நாம எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டாள். ஜாஃபர் அவள் தலையைத் தடவி, "இதுவும் வூடுதான்டா கண்ணு" என்றார். "ஆமா அத்தா, இதுவும்தான்" என்று அவள் சட்டென்று சொன்னாள், அவர் மனம் நோகக் கூடாது என்று கவனமாக. எட்டு வயதுப் பிள்ளை அப்படிக் கவனமாகப் பேசியதுதான் எங்கள் இரண்டு பேரையும் உடைத்தது. விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் அவர் டிரைவரோடு அந்த டாக்ஸியின் பேட்டரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இது யாருடைய தப்பு என்று கேட்டு எழுதுகிறார்கள் சில தோழிகள். கணவனை விட்டுவிட்டு இருக்கிறாயே என்று ஊரிலிருந்து ஒருத்தி. மனைவியோடு வந்து இருக்காத ஆள் என்ன ஆள் என்று ரோட்டர்டாமிலிருந்து இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் நான் பதில் எழுதவில்லை. வருடத்தில் ஒருமுறை நாங்கள் போகிறோம், ஒருமுறை அவர் வருகிறார், நான்கு வாரத்துக்கு மேல் தங்குவதில்லை. வரும்போது வீட்டிலிருக்கும் எல்லாக் கடிகாரங்களையும் திறந்து பார்த்துவிட்டுப் போவார்.

இதை எழுதும்போது நோன்பு மாதம் நடந்துகொண்டிருக்கிறது. இன்று பிற்பகல் ஆற்றின் வளைவில், தூர்வாரும் கப்பலுக்குப் பின்னால் அளந்துகொண்டிருந்தோம். போன் அடித்தது. அங்கே பொழுது சாய்ந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் பாங்கு சொல்லி முடிகிற சத்தம் கேட்டது, நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், யாரோ கஞ்சி ஊற்றுகிற சத்தம். "பிஸ்மில்லா" என்று அவர் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, "உனக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது?" என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். "சரி, நீ வையி, நான் குடிக்கறத கேட்டா உனக்குத் தாகமாயிடும்" என்றார். வேண்டாம், வைக்காதீர்கள், குடியுங்கள் என்றேன். ஹென்க் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்ஜினின் சத்தத்தைக் குறைத்தார். ஜாஃபர் கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதை நான் காதோடு போனை அழுத்திக்கொண்டு கேட்டேன். என் தொண்டை தானாக ஒருமுறை விழுங்கியது. வாயில் ஒன்றுமில்லை. ஆற்றின் மேல் சூரியன் இன்னும் உச்சியை விட்டு அதிகம் இறங்கவில்லை.